ஊட்டி, குன்னூர் நடைபாதைகள்: யாருக்காக, எப்படிக் காப்பது?

கோடை விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்புகிறவர்களில் நம்மவர்களும் ஏராளம். கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போது குளிர்காற்றும் தேயிலைத் தோட்டமும் கண்ணில் படும். கூடவே இன்னொன்றும் படும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், கையில் பையோடு ஒரு முதியவர். ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொரு வண்டிக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்துகொண்டிருப்பார்கள். அவர்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அல்லர், அந்த மலையிலேயே வாழ்கிறவர்கள். நடப்பதற்கென்று தனி இடம் இல்லாததால் தார்ச்சாலையின் ஓரத்தில் நடக்கிறார்கள்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வார நாட்களுக்கு 6,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதிக்கு 8,000 என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. 2011 கணக்கெடுப்புப்படி ஏழரை லட்சத்தைக்கூட எட்டாத மக்கள்தொகை கொண்ட மாவட்டம் இது. வார இறுதியில் எட்டாயிரம் வண்டிகள் என்பது வரம்புக்குட்பட்ட கணக்கு என்றால், வரம்பு இல்லாதபோது நிலைமை எப்படி இருந்திருக்கும்? சாலையை அகலப்படுத்தவும் வழியில்லை. சரிவை மேலும் வெட்டினால் மண் சரியும். 2009 நவம்பர் மழையில் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்ததை நீலகிரி மக்கள் மறக்கவில்லை.

அப்படியானால் நடக்கிறவர்களைச் சாலையிலிருந்து பிரித்து வேறு வழியில் விடுவதுதான் தீர்வு. உலகின் பல நகரங்களில் இதைப் பசுமை வழித்தடம் என்கிறார்கள். வாகனம் நுழையாத, மரநிழல் கொண்ட பாதைகளால் வீடு, பள்ளி, பூங்கா, சந்தை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைப்பது. சிங்கப்பூரில் வேலை பார்த்த நம் வாசகர்கள் பலர் இதைத் தினமும் பயன்படுத்தியிருப்பார்கள். 1990-களில் தொடங்கிய அங்குள்ள பூங்கா இணைப்புப் பாதைகள் இன்று 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. இடத்துக்குத் தட்டுப்பாடுள்ள அந்தத் தீவில் இதற்கு நிலம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கால்வாய்க் கரைகளும் மேம்பாலத்துக்குக் கீழே சும்மா கிடந்த இடங்களும்தான். 2011-ல் மலேசிய ரயில் போக்குவரத்து நின்றபோது கிடைத்த 24 கிலோமீட்டர் தடத்தையும் நடைவழியாக்கிக்கொண்டார்கள்.

நீலகிரியின் நிலை ஒரு வகையில் சிங்கப்பூரைவிட மேல். அங்கே புதிதாகப் போட வேண்டியிருந்தது. இங்கே பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஹட்டியிலிருந்து ஹட்டிக்குப் போகும் படுகர் கிராமப் பாதைகள், தோடர் மந்துகளுக்கான தடங்கள், தேயிலைத் தோட்டங்களின் குறுக்கு வழிகள், காட்டு இலாகாவின் ரோந்துப் பாதைகள். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறிய குதிரைப் பாதை 1823-ல் முடிந்தது. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் முயற்சியில் உருவான பாதை அது. வண்டிச் சாலையும் ரயிலும் வருவதற்கு முன்னால் மலைக்கு அரிசியும் உப்பும் ஏறியதெல்லாம் இப்படிப்பட்ட பாதைகளில்தான். குன்னூரில் நான்சச் எஸ்டேட் வழியாக ஏறினால் பக்காசூரன் மலையில் இடிந்த கோட்டை ஒன்று இருக்கிறது. திப்பு சுல்தான் காவல் அரணாகப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் அந்த இடத்துக்கு இன்றும் கடைசித் தூரம் நடந்துதான் போக வேண்டும்.

ஆக, பாதை இருக்கிறது. அது தொடர்ச்சியாக இல்லை என்பதுதான் சிக்கல். ஒரு பாதை நகராட்சி நிலத்தில் தொடங்கி, தனியார் எஸ்டேட்டுக்குள் புகுந்து, டேன்டீ தோட்டத்தைத் தொட்டு, வனத்துறை எல்லையில் முடியும். வெலிங்டன் பக்கம் என்றால் கன்டோன்மென்ட் வேறு. எல்லோருக்கும் கொஞ்சம் சொந்தமானதால் யாரும் பராமரிப்பதில்லை. எஸ்டேட் கைமாறி ஓய்வு விடுதி வந்தால் பாதை வேலிக்குள் போய்விடுகிறது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே சிலர் தண்டவாளத்தை ஒட்டி நடக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து.

சட்டத்தில் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. இந்திய வழியுரிமைச் சட்டம் 1882-ல் வந்தது. அதன் 15-வது பிரிவின்படி, தனியார் நிலத்தில் உள்ள ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்தால் அது வழியுரிமையாகும். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். 'உரிமையோடு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எஸ்டேட் நிர்வாகம் அனுமதித்ததால் நடந்தோம் என்றால் இந்த உரிமை கிடைக்காது. லைன் வீடுகளில் வாழும் தொழிலாளர்கள் பலர் சிக்குவது இங்கேதான். ஆனால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புல வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் அந்தத் தடம் பாதைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதை மறித்து வேலி போடுவது ஆக்கிரமிப்பு.

அடுத்தது பராமரிப்பு. மலைப்பாதையின் முதல் எதிரி தண்ணீர். நடக்கிறவர்களின் கால் பாதையைத் தேய்க்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே மழை அதைவிட அதிகமாக அரித்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. சரிவில் நேராக இறங்கும் பாதையில் இப்படி மழை விழுந்தால் பாதையே ஓடையாகிவிடும். இரண்டு பருவம் போனால் இடுப்பளவு பள்ளம் விழும். நடக்கிறவர்கள் பக்கத்தில் புதுத் தடம் போடுவார்கள், பிறகு அதுவும் பள்ளமாகும்.

இதைத் தவிர்க்கப் பாதை போடுகிறவர்கள் உலகெங்கும் சில எளிய கணக்குகளைப் பின்பற்றுகிறார்கள். மலையின் சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சராசரி ஏற்றம் நூறு அடிக்குப் பத்தடிக்குள் இருப்பது நல்லது. பாதையின் மேற்பரப்பு பள்ளத்தாக்குப் பக்கமாக மிக லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதை நெடுக ஓடாமல் குறுக்கே கடந்து போகும். நீண்ட இறக்கம் என்றால் இடையிடையே சின்னதாக ஒரு மேடு வைத்து, தண்ணீரை அங்கேயே வெளியே திருப்பிவிட வேண்டும். பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளைப் பார்த்தால் இந்த விவரமெல்லாம் தெரிந்தே வெட்டியிருப்பது புரியும். சமமட்டத்தில் வளைந்து வளைந்து போகும், மேல்பக்கம் வடிகால் இருக்கும்.

இன்று அழகுபடுத்தும் பணி என்றாலே சிமென்டும் பேவர் பிளாக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையில் அது பெரும்பாலும் தவறான வேலை. சிமென்ட் தண்ணீரை உறிஞ்சாது, ஓட்டத்தை வேகப்படுத்தி விளிம்பில் கொண்டுபோய்க் கொட்டும். கீழே உள்ள மண் அரித்துப்போய், மேலே பலகை மட்டும் அந்தரத்தில் நிற்கும். தடுப்புச்சுவர் அவசியமான இடத்தில் காரை பூசாமல் கல் அடுக்கினால் நீர் கசிந்து வெளியேறும். காரைச் சுவர்தான் கட்ட வேண்டும் என்றால் கசிவுத் துளைகள் கட்டாயம். செங்குத்தான துண்டுகளில் கல் படி போதும். நகருக்குள் வரும் இணைப்புகளில் மட்டும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் குறைந்தபட்ச அகலமான 1.8 மீட்டரைப் பின்பற்றலாம். சோலைக்குள் அந்த அகலம் தேவையில்லை, கூடவும் கூடாது.

வேலைக்கு ஒரு நாட்காட்டியும் உண்டு. ஊட்டியின் மேற்குப் பகுதிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை, எனவே மே மாதத்தில் வடிகால் தூர்வார வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் அதிகம், அங்கே செப்டம்பர். டிசம்பர், ஜனவரி உறைபனியில் மண் பொலபொலவென்று ஆகும், புல் கருகும். பிப்ரவரியிலிருந்து தீ பயம், பாதையோரக் காய்ந்த புதரை அதற்குள் அகற்ற வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்தப் பருவத்தில்தான்.

புதர் என்றால் எல்லாப் புதரும் அல்ல. உண்ணிச்செடியும் சீகையும் வெளியிலிருந்து வந்தவை. வெளிச்சம் படும் பாதையோரத்தில்தான் அவை முதலில் பிடிக்கும், பிறகு சோலைக்குள் நுழையும். விதை விடுவதற்கு முன் பிடுங்க வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. புதர் மறைப்பு இல்லாவிட்டால் காட்டுமாடும் கரடியும் தூரத்திலேயே தெரியும். விலங்கு திடீரென்று எதிர்ப்படுவதுதான் பெரும்பாலான தாக்குதல்களுக்குக் காரணம். அதே சமயம் பாதை நெடுக வேலி போட்டு விலங்கின் வழியை அடைத்தால் அது குடியிருப்புப் பக்கம் திரும்பிவிடும்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவைதானா என்று கேட்டால், கோத்தகிரியில் உள்ள லாங்வுட் சோலையைக் காட்டலாம். சுமார் 116 ஹெக்டேர் காடு. சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் குடிநீர் தரும் ஊற்று அங்கேதான். மரம் வெட்டப்பட்டுச் சிதைந்துகொண்டிருந்த இடத்தை உள்ளூர் மக்களின் கண்காணிப்புக் குழுவும் வனத்துறையும் சேர்ந்து மீட்டார்கள். 2024 ஜனவரியில் அது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் லாங்வுட்டும் ஒன்று, ஊட்டியின் கெய்ர்ன் ஹில்லும் ஒன்று. முன்பதிவு செய்துதான் போக முடியும். உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். வருமானம் வருவதால் இந்தப் பாதைகள் பராமரிக்கப்படுகின்றன.

ஆனால் லைன் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் பாதைக்குக் கட்டணம் வசூலிக்க முடியாது. அதனால் அதைப் பற்றி யாரும் அறிவிப்பு வெளியிடுவதில்லை. நம் ஆதங்கம் இதுதான். கிடக்கும் இடையூறைப் பாதையிலிருந்து அகற்றுவதும் தர்மம் என்று படித்து வளர்ந்த சமூகம், சுற்றுலா முடிந்து திரும்பும்போது தண்ணீர் பாட்டிலை அதே பாதையோரத்தில் வீசாமலாவது இருக்கலாம். நீலகிரியில் அதற்குத் தடையும் இருக்கிறது, குடிநீர் ஏ.டி.எம்.களும் இருக்கின்றன.

மலை ரயில் ஓடுவதற்குக் காரணம், ஒரு கீமேன் தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்து பார்ப்பது. நடைபாதைக்கும் அதே ஏற்பாடு போதும். நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஆள், கையில் மண்வெட்டியும் அரிவாளும், மழைக்காலத்தில் அடைத்த வடிகாலை அன்றே திறந்துவிட வேண்டும். பெரிய திட்டச் செலவில் இது சிறு தொகை. நீலகிரியில் வசிக்கும் வாசகர்கள் செப்டம்பருக்கு முன்பே தங்கள் வார்டு உறுப்பினரிடமோ ஊராட்சியிலோ மனு கொடுக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதையின் புல எண்ணையும் வரைபட நகலையும் இணைத்துக் கொடுத்தால், 'அது எங்கள் எல்லையில் வராது' என்ற பதிலைச் சொல்வது கொஞ்சம் கடினமாகும்.