ஏழாம் மாதத்துக் குழந்தைக்கு என்ன பால்?

ஓசூரைத் தாண்டினால் அத்திபெலே. இங்கே ஒரு வீட்டில் ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் எடை ஒன்றேகால் கிலோ. பெங்களூரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"தாய்க்கு நாலு சொட்டுதானே வருகிறது! பசும்பால் கொடுக்கலாமே?" என்கிறார் பாட்டி.

அந்த நாலு சொட்டுதான் சீம்பால். பசு கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கத்துக்கும் பங்கு வைக்கிறோம். கன்னடக்காரர்கள் அதைக் 'கிண்ணு' என்று விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தாயின் சீம்பாலை மட்டும் பீய்ச்சிக் கொட்டுகிறோம். இது என்ன நியாயம்?

உடம்பு வளரப் புரதம் வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு, ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு ஒன்றரை கிராம் போதும். குறைமாதக் குழந்தைக்கு மூன்றரை முதல் 4 கிராம் வேண்டும். வயிற்றுக்குள் வளர வேண்டியதை அது வெளியே வளர்கிறது அல்லவா? இயற்கையும் உதவுகிறது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் முதல் சில வாரங்கள் புரதம் கூடுதலாக இருக்கும்.

"பசும்பாலில் அதைவிட அதிகம் என்கிறார்களே?" பாட்டி விடவில்லை.

உண்மைதான். ஆனால் அது கன்றுக்கான புரதம். வயிற்றில் கட்டியாகத் திரளும். பிஞ்சுக் குடல் தாங்காது. சிறுநீரகத்துக்கும் பாரம். தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் குறைவாகவே வருகிறது. கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது.

மிகச் சிறிய குழந்தைக்குத் தாய்ப்பால் புரதமும் போதாமல் போகலாம். அப்போது டாக்டர் தாய்ப்பாலிலேயே சத்துப்பொடி கலந்து கொடுப்பார். நாமாக எதையும் கலக்கக் கூடாது.

ஏறக்குறைய 34 வாரம் ஆகும்வரை குழந்தைக்குச் சப்பி விழுங்கத் தெரியாது. குழாய் வழியே பால் போகும். பிறகு சங்கு, அப்புறம் மார்பு. அதுவரை தாய் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பால் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சப் பீய்ச்சத்தான் ஊறும்.

அப்படியும் போதாவிட்டால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. இந்தியாவில் முதல் வங்கி 1989-இல் பம்பாய் சயான் மருத்துவமனையில் தொடங்கியது. பெங்களூரு வாணி விலாஸ் அரசு மருத்துவமனையிலும் 2022-இல் தொடங்கினார்கள். மற்ற தாய்மார் தரும் பாலைச் சோதித்து, 62.5 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கித் தருவார்கள். சூட்டில் சில காப்புச் சத்துகள் குறையும். அதனால் பெற்றவள் பாலுக்கே முதலிடம்.

தாய் வீட்டுக்கு வந்துவிட்டாலும் பாலை அனுப்பலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்த பாத்திரத்தில் பீய்ச்சுங்கள். வெளியே வைத்தால் 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு போங்கள். பீய்ச்சிய நேரத்தை மூடிமேல் எழுதி ஒட்டுங்கள்.