கழுத்தால் தூக்கிய கனம்

– இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்



ஆண்டு மலருக்குக் கவிதை எழுத நம்ம வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். காதலும் கண்ணீரும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் மெக்கானிக்ஸ் எழுதுகிறேன். "அய்யய்யோ, இங்கேயும் மெக்கானிக்ஸா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பயில்வான்கள் கதை. கழுத்தால் கனம் தூக்கியவர்களின் கதை.

முதலில் கழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் கழுத்தில் உள்ள எலும்புகள் 7. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7 தான்! இதில் மேலே முதலாவதாக இருக்கும் எலும்பின் பெயர் அட்லஸ். கிரேக்கக் கதையில் வானத்தையே தோளில் சுமந்து நின்ற அரக்கனின் பெயர் அது. நம் அட்லஸ் சுமப்பது சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை. தலையின் கனம் முன்பக்கம் சாய்கிறது, பிடரித் தசைகள் பின்பக்கம் இழுக்கின்றன, நடுவே எலும்பு மூட்டு ஆதாரப் புள்ளியாக நிற்கிறது. முதல் வகை நெம்புகோல் என்று படித்தோமே, அது வேறெங்கும் இல்லை, நம்ம கழுத்து மேலேயே இருக்கிறது.

லண்டன் தச்சர் மகன்

1741ஆம் ஆண்டு மே 28. லண்டனில் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடம். அட்மிரல் வெர்னான் என்ற கடற்படைத் தளபதியின் வெற்றியைக் கொண்டாடக் கூட்டம் கூடியிருக்கிறது. மர மேடையில் தாமஸ் டோஃபம் என்பவர் ஏறி நிற்கிறார். தச்சர் மகன், தானும் தச்சு வேலை பழகியவர். மேடைக்குக் கீழே தண்ணீர் நிரப்பிய மூன்று பெரிய பீப்பாய்கள். மொத்த எடை 1,836 பவுண்டு, அதாவது சுமார் 833 கிலோ. அவற்றைக் கட்டிய கயிறும் வாரும் அவருடைய கழுத்தையும் தோளையும் சுற்றியிருக்கின்றன. மனிதர் நிமிர்ந்தார். பீப்பாய்கள் தரையை விட்டு எழும்பின! இந்தக் காட்சியைச் செதுக்கி அச்சடித்த படம் இன்றும் இருக்கிறது.

இதே டோஃபம், கனமான இரும்புக் கம்பியைப் பிடரியில் வைத்து, இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து சேர்ப்பார். பிறகு அதையே ஏறக்குறைய நேராக்கியும் காட்டுவார். வளைப்பதைவிட நேராக்குவதுதான் கஷ்டம். ஸ்மித்தி ஷாப்பில் கம்பியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும்.

பலமா, கணக்கா?

இவரை நேரில் பார்த்து எழுதிவைத்தவர் ஜான் டெஸாகுலியர். நியூட்டனோடு பழகியவர், ராயல் சொசைட்டியில் சோதனைகள் செய்து காட்டும் வேலை பார்த்தவர். பலசாலிகளின் வித்தைகளை மெக்கானிக்ஸ் கண்ணோடு பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் என்றே சொல்லலாம்.

அதற்கு முன்பு எக்கன்பெர்க் என்ற ஜெர்மானியர் சாம்சன் என்ற பட்டத்தோடு லண்டனில் வித்தை காட்டினார். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதிரைகளை இழுக்கவிட்டு அசையாமல் இருப்பார். பீரங்கியைத் தூக்குவார். தலைப்பக்கம் ஒரு நாற்காலி, குதிகால் ஒரு நாற்காலி என்று பாலம்போல் கிடந்து, வயிற்றின் மேல் ஆட்களை நிற்கவைப்பார். டெஸாகுலியர் போய்ப் பார்த்துவிட்டு, "இதில் பாதிக்கு மேல் உடம்பை வைக்கும் விதம்" என்று கண்டுகொண்டார். கால் ஏறக்குறைய நேராக இருந்தால் பாரத்தைத் தசை தாங்க வேண்டியதில்லை, எலும்பே தூண்போல் தாங்கிவிடும். இடுப்பெலும்பு ஒரு வளைவு. கல்பாலத்தின் வளைவு எப்படிச் சுமையை இருபுறமும் பிரித்து இறக்குகிறதோ, அதே வேலையை இடுப்பெலும்பு செய்கிறது.

டோஃபம் விஷயத்தில் அவர் சொன்னது வேறு. அந்த ஆளுக்கு இருந்தது அசல் பலம், ஆனால் வித்தை ஒன்றும் தெரியாது. தரையில் உட்கார்ந்து, இரண்டு கட்டைகளில் காலை ஊன்றி, குதிரைக்கு எதிராக இழுத்தார். ஒரு குதிரையைச் சமாளித்துவிட்டார். இரண்டு குதிரை பூட்டியபோது உடம்பு வைத்த இடம் சரியில்லாததால் முழங்காலில் அடிபட்டது. சரியாக உட்கார்ந்திருந்தால் நான்கு குதிரைகளையே தாங்கியிருப்பார் என்று டெஸாகுலியர் எழுதினார்.

இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள் நண்பர்களே. பலம் இருந்தது, கணக்கு இல்லை. முழங்கால் போனது.

மல்லர்களும் சுமைகாரர்களும்

டோஃபமோடு இது முடியவில்லை. நம் நாட்டு வடபகுதி மல்யுத்தக் கூடங்களில் 'கர் நால்' என்று ஒரு கல் வளையம் உண்டு. அதைக் கழுத்தில் மாலைபோல் மாட்டிக்கொண்டு பைட்டக் எடுப்பார்கள். அமெரிக்காவில் 'ஃபார்மர்' பர்ன்ஸ் (1861–1937) என்ற மல்லரின் கழுத்துச் சுற்றளவு 20 அங்குலம்! தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஆறடி கீழே விழுந்து, தொங்கிக்கொண்டே விசில் அடிப்பாராம். அவர் வாழ்நாள் முழுதும் வளர்த்த கழுத்து அது. நம்ம ஹாஸ்டல் ஹீரோக்கள் யாரும் கனவில்கூட முயற்சி செய்ய வேண்டாம். ஆல்-ரவுண்ட் வெயிட்லிப்டிங் என்ற போட்டியில், தலையில் வார் மாட்டிக் கனம் தூக்குவது இன்றும் ஒரு தனிப் பிரிவு.

ஆனால் கைதட்டல் இல்லாமல், பதக்கம் இல்லாமல், தினமும் கழுத்தால் கனம் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கென்யாவில் லுவோ, கிகுயு இனப் பெண்களை ஆராய்ந்து 1986இல் ஒரு கட்டுரை வந்தது. தங்கள் எடையில் 20 சதவீதம் வரை தலையால் தாங்கிச் சுமந்தாலும் அவர்கள் நடப்பதற்குக் கூடுதல் சக்தியே செலவாகவில்லை! நடையிலேயே ஊசல்போல் சக்தியைச் சேமிக்கிறார்கள் என்று 1995இல் விளக்கம் கிடைத்தது. நேபாளத்துச் சுமைகாரர்கள் 'நாம்லோ' என்ற பட்டையைத் தலையில் மாட்டி முதுகில் கூடை சுமந்து மலை ஏறுகிறார்கள். 2005இல் அளந்து பார்த்தபோது ஆண்கள் சுமந்தது சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதம், பெண்கள் 66 சதவீதம்.

எங்க அப்பாவின் கணக்கு

எங்க அப்பா லோடுமேன். சும்மாடு சுற்றி, பிடரியில் 75 கிலோ நெல் மூட்டையை வாங்கி, பலகையில் நடந்து லாரியில் ஏற்றுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான்தான். படித்த படிப்பை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

டோஃபம் 833 கிலோவை 5 செ.மீ. உயர்த்தினார் என்று வைத்துக்கொள்வோம். வேலை = 833 × 9.81 × 0.05 = சுமார் 409 ஜூல். அப்பா 75 கிலோவை 1.5 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறார். வேலை = 75 × 9.81 × 1.5 = சுமார் 1,104 ஜூல். ஒரு மூட்டைக்கே டோஃபமைப்போல் 2.7 மடங்கு! நாளைக்கு 100 மூட்டை என்றால், டோஃபம் அந்த மேடையில் 270 முறை நிமிர்ந்ததற்குச் சமம். விசை வேறு, வேலை வேறு என்று சார் தலைப்பாடாகச் சொல்வார். ஒரு தடவை பெரிய விசையைக் காட்டியவருக்குப் படம் செதுக்கினார்கள். நாள் முழுதும் வேலை செய்தவருக்குக் கழுத்துத் தேய்மானம். "இனிமே மூட்டை தூக்கக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்புறம் எதைத் தூக்குறது?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். டாக்டரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பயில்வான் பலத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார். நின்று, மூச்சை அடக்கி, ஒரு அங்குலம் தூக்கி, இறக்கிவிடுவார். லோடுமேனுக்குத் தேர்வு கிடையாது. மூட்டை எவ்வளவு கனமோ அவ்வளவும் கழுத்து தாங்க வேண்டும். ஓர் ஆண் கையால் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்துவிட்டது. மூட்டைக்கு அது தெரியவில்லை!

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே, இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் போன வருஷத்து சீனியர் ரிப்போர்ட்டைத் தூசிதட்டிப் புது அட்டை போடுவது நம் வழக்கம். அடுத்த வருஷம் நம்ம பேட்ச் ஒரு மாற்றம் செய்யலாமே! லாரிப் பலகையில் மூட்டையை ஏற்ற ஒரு சாய்தள வண்டி. கையால் சுற்றும் சின்ன வின்ச், நாலு சக்கரம், ஆங்கிள் இரும்புச் சட்டம். இதற்குத் தேவையான கணக்கெல்லாம் முதலாம் ஆண்டிலேயே படித்தாகிவிட்டது. வெல்டிங் ஷாப் நம்மிடம் இருக்கிறது. விலை குறைவாக, ஒரே ஆள் தள்ளிக்கொண்டு போகும்படி, பழுதானால் தெருமுனைப் பட்டறையில் சரிசெய்யும்படி இருக்க வேண்டும். சேர விருப்பமுள்ளவர்கள் என்னைப் பாருங்கள், எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் வரலாம்.

டோஃபமுக்குப் பக்கத்தில் ஒரு டெஸாகுலியர் நின்று உட்காரும் விதத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த முழங்கால் தப்பியிருக்கும். நம் ஊர்ச் சந்தைகளிலும் குடோன்களிலும் டோஃபம்கள் நிறைய. பக்கத்தில் போய் நிற்கத்தான் ஆள் வேண்டும். டிப்ளமோ படிக்கும் நாம் போகாமல் வேறு யார் போவது?