மூணாவது மொழி வந்தா என்ன மாறுது?

எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம் காணை. எங்க பக்கத்துலேர்ந்து படிப்புக்கும் வேலைக்கும் பாண்டிச்சேரி போறவங்க நிறைய. அப்படிப் போன ஒருத்தர் அங்க ஃப்ரெஞ்சு வகுப்புல சேர்றார்னு வைங்க. வீட்டுல தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ், இப்போ ஃப்ரெஞ்சு. ரெண்டோட ஒண்ணு கூடுது, அவ்வளவுதானேன்னு தோணும். ஆனா விஷயம் அப்படி இல்லை.

ரெண்டு மொழிக்கு நடுவுல பாதை ஒண்ணுதான். மூணு மொழின்னா மூணு பாதை. நாலு மொழின்னா ஆறு. ஒவ்வொரு பாதையும் வேற இடத்துல உதவும்.

ஃப்ரெஞ்சுல 'நேஷன்', 'டேபிள்' மாதிரி சொற்களை எழுத்துல பார்த்தா உடனே புரிஞ்சிடும். அது இங்கிலீஷ் செய்யற உதவி. ஆனா 'து', 'வூ'ன்னு ரெண்டு சொல் வரும்போது இங்கிலீஷ் கைவிட்டுடும். அதுகிட்ட இருக்கறது ஒரே 'யூ'. நமக்குத்தான் நீ, நீங்க இருக்கே! அங்க தமிழ் கைகொடுக்கும்.

சிக்கலும் புதுசா வரும். மூணாவது மொழியில சொல் கிடைக்காதப்போ, தாய்மொழிதான் உள்ள நுழையும்னு நினைப்போம். பல நேரம் நுழையறது ரெண்டாவதா கத்துக்கிட்ட மொழி. சாரா வில்லியம்ஸ், பியோர்ன் ஹம்மர்பெர்க் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுது. வில்லியம்ஸுக்குத் தாய்மொழி இங்கிலீஷ். ஸ்வீடிஷ் கத்துக்கும்போது, தெரியாத சொல்லுக்கு அவங்க பெரும்பாலும் முன்னாடி படிச்ச ஜெர்மனை வெச்சுத்தான் ஒட்டுப் போட்டாங்க.

சரி, 'எதுவுமே முழுசா வரலையே'ன்னு ஒரு கூச்சம் இருக்கும் இல்லையா? மொழியியலாளர் ஃபிரான்சுவா குரோஷான் 1989-லேயே இதுக்குப் பதில் சொல்லிட்டார்: இருமொழியாளர்ங்கறவர் ஒரே உடம்புல இருக்கற ரெண்டு ஒருமொழிக்காரர் இல்லை. எந்த வேலைக்கு எந்த மொழி தேவையோ, அந்த அளவுக்கு அது வளரும். மொழி கூடக்கூட இந்த வேலைப் பங்கீடும் கூடும்.

நம்ம மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தாய்மொழியோட, தெரிஞ்ச வேற மொழி ரெண்டைத்தான் பதிவாங்க. 2011 கணக்குப்படி ரெண்டு மொழியாவது தெரிஞ்சவங்க சுமார் 26 சதவீதம். மூணு தெரிஞ்சவங்க சுமார் 7. நாலாவது மொழிக்கு அந்தப் படிவத்துல கட்டமே இல்லை.

உங்க பயோடேட்டாவுல அந்தக் குறை வேண்டாம். பாட்டிகிட்ட பேசற தெலுங்கோ உருதுவோ இருளர் மொழியோ, எழுதத் தெரியலைன்னாலும் அது உங்க மொழிதான். 'பேசுவேன்'னு தைரியமா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!