கட்டில் இருக்கிறது, கவனிக்க எத்தனை பேர்?

கொழுந்து மலையில் குளவி கொட்டினாலும், நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும், டிக்கோயாப் பகுதி மக்கள் ஓடுவது டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குத்தான். இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த அதன் புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். மலையக மக்களுக்கு அது பெரும் பேறு.

ஆனால், கட்டடம் காயத்துக்கு மருந்து கட்டாது. கட்டில் ஊசி போடாது. அதற்கு ஆட்கள் வேண்டும். எத்தனை பேர்? நாம் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு இரவுமில்லை, பகலுமில்லை. வாரத்துக்கு 168 மணித்தியாலங்கள் அது திறந்திருக்க வேண்டும். ஒரு தாதி வாரம் 40 மணித்தியாலம் வேலை செய்கிறார் என வைத்துக்கொள்வோம். எந்நேரமும் ஒரேயொரு தாதி அங்கு நிற்பதற்கே நான்கு பேருக்கு மேல் தேவை. லீவு, சுகவீனம், பிரசவ விடுமுறை ஆகியவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர். வைத்தியருக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஆகவே, "பத்துத் தாதியர் இருக்கிறார்கள்" என்றால், இரவு இரண்டு மணிக்கு நிற்பவர்கள் இருவரே. கடும் நோயாளி ஒருவரை அம்பியூலன்ஸில் கண்டிக்குக் கொண்டுசெல்ல அவர்களில் ஒருவர் ஏறிவிட்டால், மற்றவர் தனித்துவிடுவார்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். ஐவர் உள்ள இடத்தில் ஒருவர் போனாலே ஐந்திலொரு பங்கு போய்விடுகிறது. ஆள் குறைந்தால் யாருக்கு ஆபத்து? அவசரப் பிரிவில் வந்த வரிசையில் அல்ல, ஆபத்தின் வரிசையிலேயே நோயாளரைப் பார்க்க வேண்டும். அப்படித் தரம் பிரிக்க நேரமில்லாதபோது, சத்தமிடாமல் மூலையில் வியர்த்துக்கொண்டிருக்கும் மாரடைப்பு நோயாளி காத்திருக்க நேரிடும்.

சொந்த மண்ணை விட்டுப் புதிய இடங்களில் வாழும் நம் விவசாயக் குடும்பங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். புதிய ஊரில் உங்கள் வியாதியை அறிந்தவர் எவருமில்லை. கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் ஒரே பையில் வையுங்கள். தாதிக்கு நேரம் மிச்சமாகும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

களைத்துப்போன தாதியை ஏசுவதால் ஆள் கூடாது. ஊர்க் கூட்டங்களிலும், வாக்குக் கேட்டு வருபவர்களிடமும், "எத்தனை கட்டில்?" என்று கேட்பதோடு நில்லாமல், "இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் கடமையில்?" என்று கேட்போம். நாம் ஒன்றுசேர்ந்து கேட்டால்தான் பதில் வரும்.