புகை சூழ்ந்த ஐந்து நாள்கள்

1952ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனில் கடுங்குளிர் நிலவியது. மக்கள் வழக்கம்போல் தம் இல்லங்களில் கணப்பு மூட்டி நிலக்கரியை எரித்தனர். மின்னாக்கும் நிலையங்களும் தொழிற்சாலைகளும் வழக்கம்போல் புகையைக் கக்கின. மூடுபனியும் அந்நகர மக்களுக்குப் புதியதன்று. ஆதலால், மஞ்சள் நிறம் கலந்த பனி தெருக்களில் படரத் தொடங்கியபோது எவரும் பெரிதும் அஞ்சினாரல்லர்.

மறுநாள் நிலைமை வேறாயிற்று. ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறத்தாழ 48 மணி நேரம் பத்து மீட்டருக்கு அப்பால் இருந்த பொருள் எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. பேருந்துகள் நின்றன, சுரங்க இரயில்களே ஓடின. ஸாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள்ளும் புகை புகுந்தமையால் அங்கு நிகழ்ந்த இசை நாடகம் முதல் அங்கத்தோடு நிறுத்தப்பட்டது. கால்நடைக் கண்காட்சிக்குக் கொணரப்பட்ட மாடுகளுள் சில மூச்சுத் திணறி மாண்டன. மாடுகள் மாண்ட செய்தி உடனே பரவிற்று. மனிதர்கள் மாண்ட செய்தியோ, இறப்புப் பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்த பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. ஏறத்தாழ 4,000 பேர் உயிரிழந்தனர் என்று அக்காலத்தில் கணக்கிட்டனர். பின்னாளில் ஆராய்ந்தோர், அடுத்து வந்த திங்கள்களின் இறப்பையும் சேர்த்து, அத்தொகை 12,000 வரை இருக்கலாம் என்றனர். இறந்தோருள் முதியோரும் குழந்தைகளும் நெஞ்சக நோயுடையோரும் மிகுதி.

அந்நகரில் நிலக்கரியை எரித்தல் அன்று தொடங்கிய செயலன்று. பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்து வந்ததே. அவ்வாறாக, அந்த ஐந்து நாள்களில் மட்டும் புகை எமனாய் மாறியது எங்ஙனம்? விடை அடுப்பில் இல்லை, வானில் உள்ளது.

பொதுவாகத் தரையை அடுத்துள்ள காற்று வெப்பமாகவும், மேலே செல்லச் செல்லக் குளிர்ந்தும் இருக்கும். வெப்பக் காற்று இலேசானது. ஆகவே அது மேலெழும்பும்போது புகையையும் உடன் கொண்டு செல்லும். அவ்வாரத்திலோ இலண்டன் மீது உயர்ந்த காற்றழுத்தம் நிலைகொண்டது. காற்று வீசுதல் ஏறத்தாழ நின்றது. நீண்ட குளிர்கால இரவில் தரை குளிர்ந்து, அதனைத் தொட்ட காற்றையும் குளிர்வித்தது. அதன்மேல் வெப்பமான காற்றடுக்கு ஒன்று மூடிபோல் அமைந்தது. இதனை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பர். கீழேயுள்ள குளிர்ந்த காற்று கனமானது. அம்மூடியைக் கடந்து எழ அதனால் இயலாது. விறகு எரியும் அடுக்களையில் பலகணியையும் புகைக்கூண்டையும் அடைத்துவிட்டால் என்ன நேருமோ, அதுவே ஒரு மாநகர் முழுவதற்கும் நேர்ந்தது. பகலிலாவது கதிரவன் தரையைச் சுட்டு மூடியைக் கலைத்திருக்கலாம். அடர்ந்த பனி அவ்வெயிலையும் தடுத்துவிட்டது. நாள்தோறும் ஏறத்தாழ 1,000 டன் புகைத்துகளும் 370 டன் கந்தக டை ஆக்சைடும் அந்த அடைபட்ட காற்றில் சேர்ந்தன. கந்தக வாயுவின் ஒரு பகுதி பனித்துளிகளில் கரைந்து கந்தக அமிலமாயிற்று. 9ஆம் நாள் மேற்கிலிருந்து காற்று வீசிய பின்னரே நகரம் விடுபட்டது.

மூடுபனியைக் குறித்து அறிவிக்க அன்றும் வானிலை அறிஞர் இருந்தனர். ஆனால் புகை எத்துணை தேங்கும், எத்தனை நாள் தேங்கும் என்று முன்னரே கணித்து மக்களை எச்சரிக்கும் ஏற்பாடு இல்லை. இங்கிலாந்தில் 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அது புகையைக் குறைக்க முனைந்தது. புகை முற்றும் ஒழியும்வரை வானை நோக்கும் வேலையும் ஒழியாதன்றோ?

காற்றின் தூய்மையை இன்று முன்னறிந்து கூறுவோர் முதலில் காண்பவை இரண்டு: காற்று எத்துணை உயரம் வரை கலக்கும், எத்துணை விரைவாக வீசும் என்பன. 1,000 மீட்டர் உயரம் வரை கலந்து பரவும் புகை 250 மீட்டருக்குள் அடைபட்டால் அதன் செறிவு நான்கு மடங்காகும். அதனுடன் காற்றின் வேகமும் பாதியானால் ஏறத்தாழ எட்டு மடங்காகும். மழை துகள்களைக் கழுவிவிடும். கடும் வெயிலோ வண்டிப் புகையிலுள்ள வாயுக்களிலிருந்து ஓசோன் என்னும் தீய வாயுவைத் தரையருகே தோற்றுவிக்கும். காற்று எப்பொழுதும் நண்பனாகவே இருக்கும் என்பதும் இல்லை. பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடைக்குப்பின் தாளை எரிக்கும் புகையைத் தில்லிக்குச் சுமந்து வருவது வடமேற்குக் காற்றே.

தில்லியிலும் குளிர்காலத்தில் காற்று மெலிந்து, வெப்பக் காற்றாகிய மூடி தாழ்ந்துவிடுகிறது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் முதலியவை அமைத்த முன்னெச்சரிக்கை முறை அந்நகருக்கென 2018இல் தொடங்கப்பட்டது. எனினும், மூடியின் உயரத்தைச் சிறிது பிழைபடக் கணித்தாலும், காற்று வந்து சேரும் வேளை தவறினாலும் முன்னறிவிப்புப் பொய்த்துவிடும். அவ்வாறிருந்தும் அது பயனற்றுப் போகவில்லை. புகை தேங்கிய பின்னர் விழித்தெழும் பழைய வழக்கத்தை மாற்றி, முன்னறிவிப்பைக் கொண்டு மூன்று நாள் முன்னதாகவே செயற்படும் முறை 2022இல் வகுக்கப்பட்டது. நிலைமையின் கடுமைக்கு ஏற்பக் கட்டட வேலைகளை நிறுத்துதலும், சரக்கு வண்டிகளை நகரின் எல்லையிலேயே தடுத்தலும் அம்முறையில் அடங்கும்.