உசாத்துணை காட்டும் முறை

ஆய்வுச் சஞ்சிகை ஒன்றிலே வெளிவரும் கட்டுரையின் இறுதியில், ஆசிரியர் பெயர்களும் ஆண்டுகளும் பக்க எண்களும் சிறிய எழுத்தில் நிரலாக அச்சிடப்பட்டிருக்கும். உசாத்துணைப் பட்டியல் என வழங்கும் அப்பகுதியை வாசகருட் பலர் படியாது விடுவர். எழுதுவோருள்ளும் சிலர் அதனைக் கட்டுரை முடிந்தபின் செய்யவேண்டிய சில்லறை வேலையென்றே கருதுவர். ஆயினும் ஓர் ஆய்வின் நம்பகம் பெரிதும் அப்பகுதியிலேயே தங்கியுள்ளது. கட்டுரையாசிரியர் கூறும் செய்தி எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும், வாசகர் தாமே அங்குச் சென்று அதனைச் சரிபார்க்கும் வழியையும் அறிவிப்பது அதுவே.

இவ்வழி அறிவிக்கப்படாவிடின் நேரும் தொல்லையைத் தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் நன்கு அறிவர். பண்டை உரையாசிரியர்கள் பிற நூல்களிலிருந்து அடிகளை எடுத்தாளும்போது நூலின் பெயரைப் பல இடங்களிற் கூறாது விட்டனர். நூல்கள் கற்றோர் நினைவில் வாழ்ந்த காலத்தில் அது குறையாகத் தோன்றவில்லை. ஏடுகளை அச்சேற்ற முற்பட்ட உ. வே. சாமிநாதையர் போன்றோர், அவ்வடிகள் எந்நூலுக்கு உரியவை என்று தேடிக் காட்டப் பெருமுயற்சி செய்ய நேர்ந்தது.

உசாத்துணைக் குறிப்பு ஒன்று நான்கு வினாக்களுக்கு விடை கூறவேண்டும். எழுதியவர் யார், வெளிவந்த காலம் எது, எழுதப்பட்டது யாது, அஃது எங்கே கிடைக்கும் என்பன அவை. நூலாயின் அதன் பதிப்பும் வெளியீட்டாளர் பெயரும் வேண்டும். சஞ்சிகைக் கட்டுரையாயின் சஞ்சிகையின் பெயர், தொகுதி, இதழ் எண், பக்கங்கள் என்பன வேண்டும். 2000ஆம் ஆண்டு முதல் சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாளமும் வழங்கப்பட்டு வருகின்றது. 10 என்ற எண்ணுடன் தொடங்கும் அவ்வடையாளம், கட்டுரையின் இணைய முகவரி மாறினும் தான் மாறாதிருக்கும். ஆதலின் அது கிடைக்குமிடத்து அதனையும் சேர்த்தல் நன்று.

இவ்விவரங்களைக் கட்டுரையோடு இணைக்கும் முறைகளுள் இரண்டு பெருவழக்கானவை. முதலாவது எண் முறை. எடுத்தாளப்பட்ட மூலங்கள், கட்டுரையில் முதன்முதல் வரும் ஒழுங்குப்படி 1, 2, 3 என எண்ணிடப்பட்டு, அதே ஒழுங்கில் இறுதியில் நிரல்படுத்தப்படும். 1978ஆம் ஆண்டிற் கனடாவின் வன்கூவர் நகரிற் கூடிய மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள், கையெழுத்துப்படிகளின் அமைப்புக்குப் பொதுவிதிகளை வகுத்தனர். அவ்விதிகள் மறு ஆண்டு வெளியாயின. மருத்துவத் துறையில் எண் முறை அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றது. இரண்டாவது ஆசிரியர்–ஆண்டு முறை. ஆசிரியர் பெயரும் ஆண்டும் வாக்கியத்தின் இடையிலேயே பிறைக்குறிக்குள் இடப்படும். பட்டியல் அகரவரிசையில் அமையும். ஹாவாட் பல்கலைக்கழக விலங்கியல் அறிஞர் எட்வேட் லோரன்ஸ் மார்க், ஓடற்ற நத்தையினம் ஒன்றைப் பற்றி 1881இல் வெளியிட்ட ஆய்வே இம்முறைக்குத் தொடக்கமாக எடுத்துக்காட்டப்படுகின்றது.

எண் முறை வாசிப்பைத் தடைசெய்யாது. ஆனால் இடையில் ஒரு மூலம் புதிதாகச் சேர்ந்தால் அதன் பின்னுள்ள எண்கள் யாவும் மாறும். ஆசிரியர்–ஆண்டு முறையில் இத்தொல்லை இல்லை. செய்தி பழையதோ புதியதோ என்பதும் படிக்கும்போதே புலனாகும். ஒருவர் ஓராண்டில் இரு நூல்கள் எழுதியிருப்பின் 1968அ, 1968ஆ எனப் பிரித்துக் காட்டலாம். எம்முறையைக் கைக்கொள்வது என்பதைக் கட்டுரை அனுப்பப்படும் சஞ்சிகையே விதிக்கும். அவ்விதியை முதலிற் படித்து, ஒரே முறையை இறுதிவரை தவறாது பின்பற்றுதல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் தனிக் கவனம் தேவை. மேனாட்டுச் சஞ்சிகைகள் குடும்பப் பெயரை முன்வைத்து நிரல்படுத்துகின்றன. தமிழர் பெயரின் முதலெழுத்தோ பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. ஒக்ஸ்போட் 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூலின் ஆசிரியரைக் ‘கைலாசபதி, க.’ என்று குறிப்பதே முறை. ஒருவர் தம் பெயரைத் தந்தை பெயர் இறுதியில் வருமாறு ஓரிடத்திலும், முன்னே வருமாறு பிறிதோரிடத்திலும் எழுதின், ஒருவரே இருவராகப் பதியப்படுவார்.

எனினும் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் சரியாக இருத்தல் மட்டும் போதாது. 1980ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகை, ஐந்து வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்றை வெளியிட்டது. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றோருள் அபின் வகை மருந்து கொடுக்கப்பட்டவர் 11,882 பேர் என்றும், முன்பு அப்பழக்கம் இல்லாதிருந்து அதற்கு அடிமையானவர்களாக ஓரளவு நன்கு பதியப்பட்டோர் நால்வரே என்றும் அது தெரிவித்தது. வீட்டில் இருந்துகொண்டு நெடுங்காலம் அம்மருந்தை உட்கொள்வோரைப் பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. 2017இற் கனடிய ஆய்வாளர் சிலர், அக்கடிதத்தை எடுத்தாண்ட 608 வெளியீடுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 439, இம்மருந்துகளுக்கு அடிமையாதல் அரிது என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டின. 491, அந்நோயாளர் வைத்தியசாலையில் தங்கியிருந்தோர் என்பதைக் குறிப்பிடவேயில்லை. வட அமெரிக்காவில் அம்மருந்துகளாற் பரவிய பெருந்துன்பத்திற்கு இவ்வாறு எடுத்தாண்டமையும் துணைபோயிற்று என்பது அவ்வாய்வாளர் முடிபு. மூலத்தைப் படியாது பிறர் காட்டிய குறிப்பைப் பெயர்த்தெழுதும் வழக்கம் எத்துணைத் தீங்கு பயக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இல்லாத கட்டுரையும் இவ்வாறே பரவியதுண்டு. பெரிய வெளியீட்டகம் ஒன்று, உசாத்துணையின் அமைப்பை விளக்குவதற்காக, அறிவியற் கட்டுரை எழுதும் கலையைப் பற்றியதும் 2000ஆம் ஆண்டினதுமான ஒரு கட்டுரையைக் கற்பனையாகப் படைத்து மாதிரியாகத் தந்திருந்தது. ஏறக்குறைய 400 கட்டுரைகளின் பட்டியல்களில் அம்மாதிரி உண்மைக் கட்டுரைபோல் இடம்பெற்றிருந்தமை 2017இல் வெளிப்பட்டது. மாதிரிப் படிவத்தை நீக்காது விட்டமையே பெரும்பாலும் காரணம். கேட்டவுடன் பட்டியல் இயற்றித் தரும் கணினிச் செயலிகள் இல்லாத நூல்களையும் உள்ளனபோற் காட்டும் இக்காலத்தில் இவ்வாபத்து மேலும் பெரிது.

ஆகவே கையெழுத்துப்படியை அனுப்புமுன் இருவகைச் சோதனை வேண்டும். கட்டுரையினுள் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் உண்டா, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் கட்டுரையினுள் வருகின்றதா என்று பார்த்தல் ஒன்று. மூலத்தைக் கையிலெடுத்து, கூறிய செய்தி கூறிய பக்கத்தில் உள்ளதா என்று பார்த்தல் மற்றொன்று. மூலம் கிட்டாவிடின், அதனை எடுத்துக்காட்டிய நூலையே படித்ததாக வெளிப்படக் குறித்தல் நேர்மையாகும். காற்புள்ளி இடம் மாறினாற் பதிப்பாசிரியர் திருத்திவிடுவார். படியாத நூலைப் படித்ததாகக் காட்டினாலோ அதனைத் திருத்துவார் அரியர். அதன் பயனை அனுபவிப்போர் அக்கட்டுரையை நம்பிய பிறரே.