ஒரு சித்திரத்தை வைத்து மனத்தைப் படிக்கலாமா?

சித்திரம் தீட்டச் செய்து அதன் வாயிலாக நனவிலி மனத்தின் போக்கை அறியும் சிகிச்சை முறை இன்று நகரந்தோறும் பயிற்சி வகுப்புகளாகவும் வார இறுதிப் பட்டறைகளாகவும் பெருகியிருக்கிறது. அதைப் பற்றி எழுதும்படி ஆசிரியர் பணித்தபோது என் நினைவில் முதலில் எழுந்தது, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து வடபகுதியில், எஞ்ஞெனோ டி டென்ட்ரோ மனநல மருத்துவமனைக்குள் தோன்றிய ஒரு சித்திரச்சாலைதான்.

அரசியல் காரணத்துக்காகச் சிறைவாசம் அனுபவித்து, பல ஆண்டுகள் உத்தியோகமும் இழந்திருந்த நீஸி ட சில்வைரா என்ற வைத்திய அம்மையார் 1944-ல் அங்கே பணிக்குத் திரும்பியபோது, மின்னதிர்ச்சியும், இன்சுலின் கொடுத்து நினைவிழக்கச் செய்வதும், மண்டையைத் துளைத்து மூளை நரம்புகளைத் துண்டிப்பதும் நவீன வைத்தியம் என்று கொண்டாடப்பட்டு வந்தன. நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தம்மால் இயலாது என்று அவர் மறுத்துவிடவே, எவரும் மதியாதிருந்த தொழிற்சிகிச்சைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அப்பிரிவில், இளம் ஓவியர் ஒருவரின் துணையுடன் 1946-ல் சித்திரச்சாலையைத் திறந்து, வர்ணத்தையும் தூரிகையையும் களிமண்ணையும் நோயாளிகளின் முன் வைத்து, இன்னது வரை என்று யாரும் ஏவாதபடி பார்த்துக்கொண்டார்.

அங்கே வரைந்தவர்களுள் ஒருவர் ஏழைத் தையற்காரி ஒருத்தியின் புதல்வர். தாய் துணி தைக்கச் சென்ற செல்வர் மாளிகைகளை இளம் பிராயத்திலேயே கண்டு ஏங்கியவர். அவருடைய ஆரம்பச் சித்திரங்களில் பொருள்கள் யாவும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து, இடமும் எல்லையும் அற்றுக் குழம்பிக் கிடந்தன. பின்னர் தரை வேறாகவும் மேஜை வேறாகவும் பூச்சாடி வேறாகவும் பிரிந்து வந்து, அப்புறம் அவையெல்லாம் மெல்ல மெல்ல ஓர் அறைக்குள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. சிதறிய மனம் தனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளும் இந்தப் பிரயத்தனம், அச்சித்திரங்களை வரிசையாகப் பார்ப்பவருக்கே புலப்படும். நடுவிலிருந்து ஒன்றை உருவி எடுத்துக் காட்டினால், அது வெறும் அலங்கோலமாகவோ வெறும் வரவேற்பறையாகவோதான் தோன்றும்.

வேறு பலர் வட்ட வடிவங்களையே திரும்பத் திரும்பத் தீட்டினர். அவற்றின் புகைப்படங்களை அம்மையார் 1954-ல் உளவியல் அறிஞர் யுங் அவர்களுக்கு அனுப்பிவைக்க, அவை மண்டலங்கள் எனப்படும் வட்டக் கோலங்களே என்றும், குலைந்த மனம் சமநிலையைத் தேடும் முயற்சியே அவற்றில் தெரிகிறது என்றும் விடை வந்தது. 1957-ல் ஜூரிச் நகரில் நடந்த உலக மனநல மருத்துவ மகாநாட்டையொட்டி அச்சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, யுங் நேரில் வந்து பார்த்தார்.

இவ்வளவு பொறுமையுடன் தொடங்கிய ஒரு மார்க்கம் இன்று கைரேகை ஜோசியமாகச் சுருங்கிவருவதே என் கவலை. கறுப்பு பூசினால் துக்கம், கதவில்லாத வீடு வரைந்தால் அச்சம், வேரில்லாத மரம் என்றால் பாதுகாப்பின்மை என்று ஓர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பிற்பகலில் ஒரு குழந்தை கிறுக்கிய ஒரே காகிதத்தைக் கொண்டு அதன் அந்தரங்கம் முழுவதையும் பெற்றோரிடம் விளம்பிவிடுகிறார்கள். அக்குழந்தையின் பெட்டியில் அன்று கறுப்பு வர்ணம் ஒன்றுதான் மிச்சமிருந்ததோ என்னவோ, அதை யாரும் விசாரிப்பதில்லை! அட்டவணையும் அனுபவத்தில் விளைந்ததுதானே என்று வாதிப்போர் உண்டு, இருக்கலாம். ஆனால் வரைந்தவர் வாய் திறப்பதற்குள் பார்த்தவர் பொருள் சொல்லிவிட்டால், அங்கே வெளிப்படுவது யாருடைய நனவிலி என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மையார் அச்சித்திரங்களை விற்கவோ பிரித்துக் கொடுக்கவோ இணங்காமல், 1952-ல் அதே வளாகத்தில் நனவிலிப் படிமங்களின் அருங்காட்சியகத்தை நிறுவி, ஒவ்வொருவர் வரைந்ததையும் வரிசை குலையாமல் பாதுகாத்ததன் நியாயம், ஒற்றைச் சித்திரம் தனித்து நின்று மனத்தைக் காட்டாது என்பதுதான். இன்று அங்கே 3,50,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆகவே, உங்கள் குழந்தையின் ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு யாரேனும் தீர்ப்புக் கூறத் தொடங்கினால், இதற்கு முன்பு வரைந்தவற்றையும் பார்த்தீர்களா, வரைந்த குழந்தையிடம் கேட்டீர்களா என்று வினவுங்கள். இரண்டுக்கும் விடை இல்லையென்றால், படத்தை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.